அஃபேசியா என்று எழுதப்பட்ட பெண்: ஒரு கோடிங் நிகழ்வு ஆய்வு

மருத்துவர் எழுதும் நோய்களைப் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றுவது கோடிங், அதைச் செய்பவர் கோடர். அதைச் சரிபார்ப்பது என் வேலை. பில் அனுப்புவதற்கு முன் நடக்கும் ஆடிட்டில் இந்தச் சார்ட், அதாவது நோயாளியின் மருத்துவக் கோப்பு, என் கைக்கு வந்தது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் உள்நோயாளி சார்ட். மூன்று நாள் தங்கல், லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை அகற்றம், சிக்கல் எதுவும் இல்லாமல் டிஸ்சார்ஜ். இந்த மாதிரி சார்ட் ஒரு மணி நேரத்தில் நாலைந்து முடியும். இதற்கு எனக்கு அரை நாள் பிடித்தது. நோயாளி யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் வயது, நேரம் போன்ற சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கோடும் விதியும் உள்ளபடியே.

கோடர் போட்டு அனுப்பியது இது: முதன்மை நோயாகக் கே 80.00, அதாவது பித்தப்பைக் கல்லுடன் கடும் அழற்சி. துணை நோய்களாக ஆர் 47.01 (அஃபேசியா, அதாவது மூளைப் பாதிப்பால் மொழித் திறன் குலைவது), ஆர் 41.82 (உணர்வு நிலை மாற்றம்), எச் 91.3 (காது கேளாத, பேசாத நிலை), எச் 90.3 (இரு காதிலும் நரம்பு சார்ந்த கேள்விக் குறைபாடு, அதாவது காது கேளாமை). அஃபேசியா ஒரு சிசி, அதாவது சிகிச்சைச் செலவைக் கூட்டும் உடன்நோய். அது இருந்ததால் டிஆர்ஜி (மருத்துவமனைக்கு எவ்வளவு பணம் என்று தீர்மானிக்கும் தொகுதி எண்) 419-க்குப் பதிலாக 418-இல் போய் உட்கார்ந்திருந்தது. மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் வரும்.

பித்தப்பைக்கு வந்த நோயாளிக்கு அஃபேசியா எங்கிருந்து வந்தது? பக்கவாதம் எதுவும் கோடு ஆகவில்லை. பழைய பக்கவாதத்தின் பின்விளைவு என்றால் ஐ 69 வரிசைக்குப் போயிருக்க வேண்டும், அதுவும் இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் முழுச் சார்ட்டையும் முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

வந்த இரவு

54 வயதுப் பெண். இரவு 11 மணிக்கு மேல் ஆம்புலன்ஸில் வந்திருக்கிறார். போன் செய்தவர் பக்கத்து வீட்டுக்காரர், கூட வரவில்லை. அவசரப் பிரிவில் நர்ஸ் எழுதிய முதல் குறிப்பு: வாந்தி, பேசவில்லை, கேள்விகளுக்குப் பதில் இல்லை, உணர்வு நிலை மாறியிருக்கிறது. கீழே உணர்வு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா ஸ்கேல்: கண் 4, பேச்சு 1, அசைவு 6. மொத்தம் 11.

இந்தப் பதினொன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அசைவுக்கு 6 என்றால் சொன்னதைச் செய்கிறார் என்று பொருள். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாதவர், சொன்னதை மட்டும் எப்படிச் செய்தார்? நர்ஸ் கையை நீட்டி, பிடித்து அழுத்துங்கள் என்று ஜாடை காட்டியிருப்பார், இவர் அழுத்தியிருப்பார். அதாவது கண்ணால் பார்த்ததைப் புரிந்துகொண்டு சரியாகச் செய்யும் ஒருவர், காதால் கேட்டதற்கு மட்டும் பதில் தரவில்லை. சந்தேகம் அங்கேயே எழுந்திருக்கலாம். ஆனால் கணினித் திரையில் மூன்று எண்களும் கூட்டப்பட்டு 11 என்று சிவப்பில் நின்றால், யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

1974-இல் கிளாஸ்கோ நகரில் இந்த அளவுகோலை உருவாக்கியபோது அது மூளை மங்கியிருக்கிறதா என்று அறியத்தான். பேச முடியாததற்கு வேறு காரணம் இருந்தால் பேச்சுக்கு 1 போடக் கூடாது. சோதிக்க இயலவில்லை என்று குறித்து, காரணத்தையும் எழுத வேண்டும் என்று 2014-இல் வந்த புதுப்பிப்பு தெளிவாகவே சொல்கிறது. தொண்டையில் குழாய் போட்டவருக்கு இதை எல்லாரும் சரியாகச் செய்கிறார்கள். காது கேளாதவருக்கு யாருக்கும் நினைவு வருவதில்லை.

11 என்ற எண் ஸ்ட்ரோக் அலர்ட்டைக் கிளப்பியது. பக்கவாதத்தின் தீவிரத்தை அளக்கும் என்ஐஎச் ஸ்ட்ரோக் ஸ்கேலில் 7 மதிப்பெண்: மாதம், வயது கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை என்று 2, மொழிக்கு 3, உச்சரிப்புக்கு 2. கை, கால், முகம், பார்வை எல்லாமே பூஜ்யம். ஏழும் வாயிலிருந்து மட்டும் வந்த ஏழு. அந்த ஸ்கேலின் வழிமுறையிலேயே ஒரு வரி இருக்கிறது: மொழித் தடை போல, அஃபேசியா அல்லாத காரணத்தால் பேச முடியாதவருக்கு அந்தக் கேள்விகளுக்கு 1 கொடுக்க வேண்டும், 2 அல்ல. அதாவது இது தெரியாத சிக்கலே இல்லை. ஸ்கேலை உருவாக்கியவர்கள் யோசித்து வைத்ததுதான்.

தலை சிடி ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. அதற்குள் இவர் வலது மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமுறை எழுந்து உட்கார்ந்திருக்கிறார். நர்ஸ் குறிப்பில் அது வேறு மாதிரி வந்திருக்கிறது: "அமைதியின்றி இருக்கிறார், ஐவியை இழுக்கிறார்."

ஐவி வலது கையின் பின்புறத்தில் போடப்பட்டிருந்தது. ஊசி அசையக் கூடாது என்று மணிக்கட்டுக்குக் கீழே அட்டை வைத்து டேப் சுற்றியிருந்தார்கள். இது நர்ஸிங் படிவத்தில் ஒரு டிக் மார்க், அவ்வளவுதான். ஆனால் அவர் வலது கைப் பழக்கமுள்ளவர், சைகை மொழியில் பேசுபவர் என்று பிறகு வரும் பக்கங்கள் சொல்கின்றன. பேசுகிற ஒருவரின் வாயில் டேப் ஒட்டினால் எப்படி இருக்கும்? ஐவியை இழுத்தார் என்று எழுதப்பட்ட அந்த நேரத்தில் அவர் ஒருவேளை எங்கே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். இது என் ஊகம்தான்; சார்ட்டில் இல்லை.

விடிகாலை 2 மணிக்கு ஷிப்ட் மாறி வந்த நர்ஸ்தான் முதலில் கவனித்தவர். நோயாளி இடது கையால் காற்றில் எழுதுவது போலக் காட்டினார் என்று குறித்து, காகிதமும் பேனாவும் கொடுத்திருக்கிறார். வந்தது நாலே சொற்கள்: "காது இல்லை. வலி. இங்கே." இடது கையில் எழுதியதால் கோணல். அதற்கும் ஒரு குறிப்பு விழுந்திருக்கிறது, எழுத்து ஒழுங்கற்று இருக்கிறது, இலக்கணம் சிதைந்திருக்கிறது என்று. அமெரிக்கச் சைகை மொழிக்கு ஆங்கிலத்தின் இலக்கணம் கிடையாது. அது தனி மொழி. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் எழுதும் ஆங்கிலம் இரண்டாம் மொழிக்காரரின் ஆங்கிலம். அதையும் மூளைக் கோளாறின் சான்றாகப் படித்துவிட்டால் அப்புறம் அந்தப் பெண் எந்த வழியில் வெளியே வருவார்?

வீடியோ மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்பட்டது 2.40-க்கு. அதன் பிறகு இருபது நிமிடத்தில் முழு வரலாறும் கிடைத்துவிட்டது. ஆறு வாரமாகச் சாப்பிட்ட பின் வலி, அது வலது தோள்பட்டைக்குப் பரவுகிறது, இன்று வாந்தி. இரண்டு வயதில் மூளைச்சவ்வுக் காய்ச்சல், அதிலிருந்து இரு காதும் கேட்பதில்லை. குரலைப் பயன்படுத்துவதில்லை. காலையில் அல்ட்ராசவுண்ட், கல், தடித்த சுவர். மறுநாள் அறுவை.

கோடர் சொன்ன நியாயம்

இந்தச் சார்ட்டைக் கோடு செய்தவர் கவனக்குறைவானவர் அல்ல. கேட்டபோது உடனே பதில் வந்தது: "அண்ணா, டிஸ்சார்ஜ் சம்மரில டாக்டரே அஃபேசியான்னு எழுதியிருக்காரு. சிடியும் எடுத்திருக்காங்க. அப்ப அது ரிப்போர்ட் பண்ண வேண்டிய துணை நோய்தானே?"

விதிப்படி பார்த்தால் இந்த வாதத்தில் ஓட்டை இல்லை. மருத்துவர் பெயர் சொல்லி எழுதிய நோயைக் கோடர் தன் இஷ்டத்துக்கு நீக்க முடியாது. இந்தக் கோடுகளின் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்முக்குரிய வழிகாட்டுதலின் 1.ஏ.19 பிரிவு அதைத்தான் சொல்கிறது. துணை நோய்க்கு மதிப்பீடோ பரிசோதனையோ கூடுதல் கவனிப்போ நடந்திருக்க வேண்டும். சிடி அந்த நிபந்தனையை நிறைவேற்றுகிறது. வரும்போதே இருந்ததா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டிருக்கிறார். அதுவும் ஒரு வகையில் சரி. பேசாமை வரும்போதே இருந்ததுதான், ஐம்பத்திரண்டு வருடமாக.

சரி, மருத்துவர் ஏன் எழுதினார்? சம்மரியைத் திறந்து பார்த்தால் அவசரப் பிரிவுக் குறிப்பு அப்படியே ஒட்டப்பட்டிருக்கிறது. அங்கே "அஃபேசியா? அல்லது முன்பிருந்தே பேசாதவரா?" என்று கேள்விக்குறியோடு இருந்தது. அது அட்மிஷன் குறிப்புக்கு வந்தபோது கேள்விக்குறி உதிர்ந்தது. இரண்டாம் நாள் குறிப்பில் இரண்டாவது பாதி உதிர்ந்தது. சம்மரியில் மிஞ்சியது "அஃபேசியா" என்ற ஒரே சொல். அதற்கு இரண்டு வரி கீழே, "செவிட்டு ஊமை, மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் பேசினேன்" என்று அறுவை மருத்துவர் தானே தட்டச்சு செய்திருக்கிறார். ஒரே பக்கத்தில் இரண்டும்.

"செவிட்டு ஊமை" என்ற சொல்லைப் பற்றி: முந்தைய பதிப்பான ஐசிடி-9-சிஎம்மில் 389.7 என்ற கோடின் தலைப்பு ரொம்ப காலம் அந்தப் பொருளில்தான் இருந்தது. 2007 அக்டோபரில் அதைக் காது கேளாத, பேசாத நிலை என்று மாற்றினார்கள். எச் 91.3 அந்தப் புதிய பெயரோடுதான் வந்தது. கோடுபுத்தகம் மாறியும் மருத்துவர்களின் விரல் மாறவில்லை.

கோடுபுத்தகத்தின் சொல் அகராதியான இன்டெக்ஸ் செய்த வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். "மியூட்டிசம்" (பேசாமை) என்ற தலைச்சொல்லைத் தேடினால் அது நேராக ஆர் 47.01-க்கு, அஃபேசியாவுக்கு அனுப்பும். காது கேளாமையோடு சேர்ந்தது என்றால் எச் 91.3 என்பது அதற்கு உள்ளே தள்ளி எழுதப்பட்ட துணை வரி. முதல் வரியில் நின்றுவிட்டால் அஃபேசியா, ஒரு வரி கீழே போனால் காது கேளாமை. இரண்டையும் எடுத்துப் போட்டால் இந்தச் சார்ட். சம்மரியில் அஃபேசியா என்ற சொல்லே இல்லாமல், வெறும் "ஊமை" என்று மட்டும் இருந்த வேறு சார்ட்டுகளிலும் இதே ஆர் 47.01-ஐப் பார்த்திருக்கிறேன்.

சேராத இரண்டு

இன்னொரு தவறு இதைவிடச் சின்னது, ஆனால் கோடிங் படிப்பவர்களுக்கு உபயோகமானது. எச் 90.3, எச் 91.3 இரண்டையும் கோடர் சேர்த்துப் போட்டிருந்தார். எச் 90-இன் கீழே எக்ஸ்க்ளூட்ஸ் 1 பட்டியலில் எச் 91.3 பெயர் சொல்லியே இருக்கிறது. எச் 91-இன் கீழேயும் எச் 90-இல் வகைப்படுத்தப்பட்ட கேள்விக் குறைபாடு இருக்கிறது. எக்ஸ்க்ளூட்ஸ் 1 என்றால் ஒரே நிலைக்கு இரண்டையும் சேர்த்து எழுதக் கூடாது. எச் 91.3 என்பதே வேறெங்கும் வகைப்படுத்தப்படாதவர்களுக்கு. கேள்விக் குறைபாடு எந்த வகை, எந்தப் பக்கம் என்று மருத்துவர் எழுதிவிட்டால் எச் 90. காது கேளாது, பேசமாட்டார் என்பதற்கு மேல் எதுவும் இல்லை என்றால்தான் எச் 91.3.

எச் 90.3 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். நான்கு வருடம் முன்பு நடந்த செவித்திறன் பரிசோதனை அறிக்கையிலிருந்து. அது வேறு வருகை. பழைய வருகையின் ஆவணத்தை வைத்து இன்றைய வருகைக்குக் கோடு போட முடியாது. இன்றைய மருத்துவர் இன்றைய சார்ட்டில் எழுத வேண்டும். ஆக, அந்த நிமிடத்தில் கையில் இருந்த ஆவணப்படி நியாயமாக நிற்கக்கூடியது எச் 91.3 மட்டும்தான். மருத்துவரைக் கேட்டால் எச் 90.3 ஆகலாம்.

ஆர் 41.82-க்கு அதிக நேரம் செலவிடவில்லை. அது நர்ஸ் எழுதியது. மருத்துவர் யாரும் அதை நோயாக ஏற்று எழுதவில்லை. விழுந்தது. ஸ்ட்ரோக் ஸ்கேலின் ஆர் 29.7 வரிசை, மூளைத் தமனி அடைப்பான ஐ 63 முதலில் இருந்தால்தான் வரும். கோடர் சரியாகவே விட்டிருந்தார். கோமா ஸ்கேல் கோடுகள் தலைக்காயத்தோடு போடுபவை, அதையும் தொடவில்லை. வயிற்று வலி, வாந்தி இரண்டும் பித்தப்பை அழற்சிக்குள் அடக்கம்.

க்வெரி

சார்ட்டில் தெளிவில்லாததை மருத்துவரிடம் எழுதிக் கேட்பதுதான் க்வெரி. அதில் "இவருக்கு அஃபேசியா இல்லைதானே?" என்று மருத்துவரைக் கேட்கக் கூடாது. பதிலை வாயில் ஊட்டும் கேள்வி அது. பின்னால் யாராவது தோண்டினால் நிற்காது. கூடவே, அஃபேசியா இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டுக் கேட்பதும் தவறு. காது கேளாதவருக்கு அஃபேசியா வரவே வராது என்று சிலர் நினைக்கிறார்கள். வரும். 1980-களில் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் அர்சுலா பெலூகியும் அவர் சகாக்களும், இடது மூளையில் அடிபட்ட சைகை மொழிக்காரர்களுக்குச் சைகையிலேயே மொழி உடைவதைக் காட்டினார்கள். கை நன்றாக அசையும், ஆனால் சைகை தப்பும், வரிசை குலையும். அப்படி நடந்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அந்த மொழி தெரிந்த ஒருவர்தான். எனவே மொழிபெயர்ப்பாளரின் முன்னிலையில் என்ன பதிவானது என்பதே என் கேள்வியின் அச்சு.

நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

"டிஸ்சார்ஜ் சம்மரியில் அஃபேசியா என்றும், காது கேளாத, பேசாதவர் என்றும் இரண்டும் உள்ளன. அவசரப் பிரிவில் பேச்சு மதிப்பெண் 1, ஸ்ட்ரோக் ஸ்கேல் 7. தலை சிடி இயல்பு. 2.40-க்குப் பிறகு சைகை மொழிபெயர்ப்பாளர் மூலம் முழு வரலாறு பெறப்பட்டதாகக் குறிப்பு உள்ளது. இந்த வருகையில் நோயாளியின் பேச்சு, மொழி நிலையை உங்கள் மருத்துவக் கருத்துப்படி தெளிவுபடுத்தவும்: புதிதாக ஏற்பட்ட அஃபேசியா, முன்பிருந்தே உள்ள காது கேளாமையும் அதனால் குரல் பயன்படுத்தாமையும், இரண்டும், வேறு, தீர்மானிக்க இயலவில்லை. கேள்விக் குறைபாட்டின் வகை, பக்கம், காரணம் தெரிந்தால் அதையும் குறிப்பிடவும்."

பணம் பற்றியோ டிஆர்ஜி பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இருக்கவும் கூடாது.

இரண்டு நாளில் பதில் வந்தது, சம்மரிக்கு இணைப்பாக. அஃபேசியா இல்லை, இருபுறமும் நரம்பு சார்ந்த முழுக் கேள்விக் குறைபாடு, குழந்தைப் பருவ மூளைச்சவ்வுக் காய்ச்சலால் வந்தது, சைகை மொழி இயல்பு, உணர்வு நிலை தங்கியிருந்த நாள் முழுதும் வழக்கம்போல்.

"அதனால் வந்தது" என்ற அந்த இணைப்பு முக்கியம். அது இருப்பதால் எச் 90.3-க்கு அடுத்து ஜி 09 போடலாம்: மத்திய நரம்பு மண்டல அழற்சி நோயின் பின்விளைவு. இப்போதைய விளைவு முதலில், பழைய காரணம் பின்னால்.

இறுதிக் கோடு: கே 80.00, எச் 90.3, ஜி 09. டிஆர்ஜி 419. மருத்துவமனைக்கு வரவிருந்த பணம் குறைந்தது. வேலை கெட்டது என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. பணம் திரும்பக் கேட்கப்படுவதைவிட இது மேல் என்று அவர்களுக்கும் தெரியும்.

எனக்கு உறுத்தியது வேறு. எச் 91.3 போனதும் அவர் பேசமாட்டார் என்ற தகவல் கோடுகளிலிருந்து மறைந்துவிட்டது. காதுமெஷின் வைத்துக்கொண்டு போனில் அரட்டை அடிப்பவருக்கும் எச் 90.3 வரலாம், இவருக்கும் அதேதான். கோடர் கேட்டார், அந்த இடத்தை நிரப்ப எஃப் 80.4 போடலாமா என்று. அது கேள்விக் குறைபாட்டால் பேச்சு, மொழி வளர்ச்சி தாமதமானவர்களுக்கு. இவருக்கு மொழி தாமதமாகவில்லை. முழு மொழி ஒன்று கையில் இருக்கிறது. ஆர் 49.1 குரல் எழும்பாமைக்கு, அதுவும் இவரில்லை. கோடில் இடமில்லாததைக் கோடில் திணிக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் தேவை என்பது நோயே அல்ல. அது பதிவுப் பக்கத்தில், சார்ட்டின் தலையில் இருக்க வேண்டிய தகவல். மொழிபெயர்ப்புச் சேவைக்கு டி 1013 என்று பதினைந்து நிமிடக் கணக்கில் ஒரு பில்லிங் கோடு உண்டு, சில மாநில மெடிக்கெய்டுகள் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணமும் தரும். ஆனால் அது நடந்த பிறகு போடுவது. அடுத்த முறை இரவு 11 மணிக்கு வரும்போது நர்ஸுக்கு உதவாது. மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் கடமையோ பணம் வருகிறதா என்பதைப் பொறுத்ததல்ல. 1990-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலிருந்து வருவது.

ஆடிட் அறிக்கையில் கோடர் பக்கம் இரண்டு குறைகளையும், ஆவணப் பக்கம் நான்கையும் எழுதினேன். பேச்சைச் சோதிக்க இயலாதபோது 1 போட்டது, ஸ்ட்ரோக் ஸ்கேலில் மொழித் தடையைக் கணக்கில் எடுக்காதது, கேள்விக்குறி உதிர ஒட்டிய குறிப்பு, சம்மதப் படிவத்தில் "விளக்கினேன், தலையசைத்தார்" என்று மட்டும் இருப்பது. கடைசியானதைப் படித்து ஆவண மேம்பாட்டு நர்ஸ் போன் செய்தார். சைகை மொழிக்காரர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்று காட்டுவதற்கும் தலையசைப்பார்கள். சம்மதம் என்று பொருளில்லை. அன்று மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் இருந்தாரா, அவர் எண் என்ன என்று தேடிப் பார்த்தோம். இருந்திருக்கிறார், எண் மயக்கமருந்துக் குறிப்பில் கிடைத்தது. சம்மதப் படிவத்தில் இல்லை.

மூன்று வாரம் கழித்து அதே நோயாளியின் மறுவருகைச் சார்ட் தற்செயலாக என் வரிசையில் வந்தது. தையல் பார்க்க வந்திருக்கிறார். நர்ஸின் முதல் வரி: "காது கேளாதவர், சைகை மொழி பேசுபவர், வீடியோ மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் இருக்கிறார். ஊசி போட நேர்ந்தால் இடது முன்கையில்." அதைப் படித்துவிட்டு அப்படியே கீழே இறங்கினேன். நோய்ப் பட்டியலில், பித்தப்பைக்கு அடுத்து, இன்னும் இருந்தது: அஃபேசியா, நடப்பில் உள்ளது. பில்லில் திருத்துவது வேறு, அந்தப் பட்டியலில் நீக்குவது வேறு. அதை மருத்துவர்தான் செய்ய முடியும். மறுபடியும் ஒரு க்வெரி திறந்தேன்.